டைனிங் சேருக்கு நாமளே குஷன் தைக்கிறது எப்படி: அளவு எடுக்கிறதுல இருந்து துவைக்கிறது வரைக்கும்

எங்க வீட்ல ஆறு சேரோட ஒரு தேக்கு டைனிங் டேபிள் இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, பாக்க ஜம்முனு இருக்கும் ஆனா பத்து நிமிஷம் உக்காந்தா இடுப்புக்குக் கீழ மரத்துப் போயிடும். அப்பா ரெண்டு மாசமா தலகாணிய மடிச்சுப் போட்டுத்தான் சாப்பிட்டுட்டு இருந்தார். ரெடிமேட் வாங்கிடலாம்னு பார்த்தா கைல கிடைச்சதெல்லாம் 16க்கு 16 சதுரம். நம்ம சேரோ முன்னாடி அகலம், பின்னாடி குறுகல். வெச்சா முன்னாடி கட்டை தெரியுது, பின்னாடி குஷன் பிதுங்குது. தெருமுனை டெய்லர்கிட்ட கேட்டா துணி, ஃபோம் எல்லாம் நம்மளுது, கூலி மட்டும் சேருக்கு 350ன்னார், ஆறுக்கு 2100. அம்மாவோட கால் மிஷின் சும்மாத்தானே கிடக்கு, நாமளே தைச்சிடலாம்னு இறங்கிட்டேன்.

மொதல் தடவை மூணு மீட்டர் துணி வேஸ்ட், நாலு ஊசி உடைஞ்சது, ரெண்டு நாள் அம்மாகூட பேச்சுவார்த்தை இல்ல. ரெண்டாவது தடவைதான் ஒழுங்கா வந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா துணி வீணானது மிஷின் ஓட்டத் தெரியாததால இல்ல, மிஷின் முன்னாடி உக்கார்றதுக்கு முந்தியே சொதப்பிட்டேன், அதனால கீழ பாதிக்கு மேல அளவும் கடையும்தான் இருக்கும், தையல் கடைசிலதான் வரும்.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி பேப்பர் வெட்டுங்க

டேப்ப வெச்சு நீளம் அகலம் மட்டும் குறிச்சுட்டு ஓடாதீங்க. பழைய நியூஸ்பேப்பர ஒரு ஷீட் சீட்டு மேல விரிச்சு நாலு ஓரத்துலயும் விரலால அழுத்தித் தேச்சா விளிம்பு மடிப்பா விழும், அந்த மடிப்புலயே வெட்டிக்கோங்க. வெட்டினத நெடுவாக்குல ரெண்டா மடிச்சுப் பாருங்க, ரெண்டு பாதியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். உக்காரலைன்னா பேப்பர் கோணலா, சேர் கோணலான்னு பாக்கணும். எங்க வீட்ல ஒரு சேர்தான் கோணல்.

ஆறு சேருக்கும் தனித்தனியா எடுங்க, ஒரே செட்தானேன்னு ஒண்ண மட்டும் எடுத்துட்டு விட்றாதீங்க. மரவேலைல கால் இன்ச் அரை இன்ச் வித்தியாசம் சகஜம். வித்தியாசம் அரை இன்ச்சுக்குள்ள இருந்தா இருக்கறதுலயே சின்ன பேப்பர எல்லாத்துக்கும் வெச்சுக்கலாம். எனக்கு வந்தது முன்பக்கம் 17 இன்ச், பின்பக்கம் 15, ஆழம் 16. கீழ சொல்ற கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான், உங்க அளவப் போட்டு மாத்திக்கோங்க. பின்னாடி சாயற கட்டை சீட்டுக்குள்ள நீட்டிட்டு இருந்தா அதைச் சுத்தி வளைச்சு வெட்டலாம்னு தோணும், மொதல் தடவை வேண்டாம், கட்டைக்கு முன்னாடியே குஷன நிறுத்திடுங்க.

அடுத்து உயரம், இதை யாரும் பாக்கறதே இல்ல. எங்க டேபிள் தரைல இருந்து 30 இன்ச், சீட்டு 18, நடுவுல 12 இன்ச். ரெண்டு இன்ச் ஃபோம் போட்டுப் பார்த்தேன், அப்பாவுக்கு முட்டிவலி, எந்திரிக்க ஈஸியா இருக்குன்னு சந்தோஷப்பட்டார், அம்மாவுக்குக் கால் தரைல எட்டல. ஒன்றரை இன்ச்ல ரெண்டு பேரும் சமாதானம். கை வெச்ச சேரா இருந்தா அந்தக் கையோட உயரத்தையும் பாருங்க, குஷன் ஏறினதும் கை வைக்கிற இடம் ரொம்பக் கீழ போன மாதிரி ஆயிடும்.

எல்லாத்தையும் ஒரே துண்டுச்சீட்டுல எழுதுங்க: முன், பின், ஆழம், கனம், துணி எத்தனை மீட்டர், ஜிப் எத்தனை மீட்டர். ஃபோன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. கடைல நிக்கும்போது "சார் எவ்ளோ வேணும்"னு அவர் அவசரப்படுத்துவார், அப்போ மனக்கணக்கு போட்டா ஒண்ணு குறையும், இல்ல ரெண்டு மீட்டர் எச்சா வரும்.

2. துணி கணக்கு

ஒரு குஷனுக்கு மேல ஒரு பீஸ், கீழ ஒரு பீஸ், சுத்தி ஒரு பட்டி. ஆறுக்கு 12 பெரிய பீஸ். தையலுக்குச் சுத்தி அரை இன்ச் விட்டா ஒவ்வொண்ணும் முன்னாடி 18, பின்னாடி 16, ஆழம் 17. சோபாத் துணி வழக்கமா 54 இன்ச் பன்னா, அதாவது துணியோட அகலம். ஒரு பீஸ நேரா, அடுத்தத தலைகீழா, மூணாவது மறுபடி நேரா வெச்சா 52 இன்ச்ல மூணு பீஸ் பக்கத்துல பக்கத்துல உக்காந்துடும். நாலு வரிசை, 68 இன்ச் நீளம். பட்டி ரெண்டரை இன்ச் அகலத்துல 50 இன்ச் நீளம், ஆறு, அதுக்கு 15 இன்ச். ஜிப் வைக்கிற சின்னப் பட்டி 16 இன்ச் நீளம், ஒண்ணேமுக்கால் அகலம், குஷனுக்கு ரெண்டு, மொத்தம் 12, அதுக்கு 7 இன்ச். ஆக 90 இன்ச், அதாவது 2.3 மீட்டர் கிட்ட. மூணு மீட்டர் வாங்கினா நிம்மதி.

இங்கதான் என் மூணு மீட்டர் போச்சு. மொத வாங்கினது வரிசையா மயில் போட்ட துணி, அவ்ளோ அழகு. தலைகீழா வெச்சு வெட்டினா துணி மிச்சம்னு சந்தோஷமா 12 பீஸையும் ஒரே மூச்சுல வெட்டிட்டேன். விரிச்சுப் பார்த்தா நாலு பீஸ்ல மயில் சிரசாசனம் பண்ணுது. டிசைனுக்கு மேல் கீழ் இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. ஒரு வரிசைக்கு ரெண்டு பீஸ்தான் வரும், 3.5 மீட்டர் வேணும். பிளெயின், செக், பொடி டிசைன்னா கவலையில்ல. மயில் இப்போ தலகாணி உறையா இருக்கு.

சுத்தமான காட்டன்னாலும் கணக்கு மாறும். வெட்டறதுக்கு முன்னாடி தண்ணில நனைச்சுக் காய வெச்சு எடுக்கணும், காட்டன் மொத வாஷ்ல 3-5 சதவீதம் சுருங்கும், 54 பன்னா 52க்குக் கிட்ட வந்துச்சுன்னா மூணு பீஸ் உக்காராது. அதுக்கும் மூன்றரை மீட்டரே வாங்குங்க. நனைக்காம தைச்சா மொத தடவை துவைச்சதுக்கப்புறம் ஃபோம் உள்ள போகவே போகாது.

3. துணி வாங்கறது

நான் போனது சென்னை பாரிமுனைப் பக்கம் இருக்கிற கோடவுன் தெரு. ஹைகோர்ட் மெட்ரோல எறங்கி என்எஸ்சி போஸ் ரோட்டுப் பக்கம் வந்தா நடக்கிற தூரம்தான். அங்க மொத்த வியாபாரம், சில கடைல மூணு மீட்டர்னு கேட்டா ஏற இறங்கப் பாப்பாங்க, நாலு கடை ஏறி இறங்கினா வெட்டித் தர்றவங்க இருக்காங்க. ஞாயித்துக்கெழமை போயிடாதீங்க, ஷட்டர்தான் பாக்கணும். சனிக்கெழமை பதினொண்ணு மணி வாக்குல போனா கூட்டமும் தாங்கும். அவ்ளோ தூரம் முடியாதுன்னா டி.நகர், புரசைவாக்கம் பக்கம் திரைச்சீலைத் துணி விக்கிற கடைங்கள்லயும் சோபாத் துணி இருக்கும், மீட்டருக்குக் கொஞ்சம் கூடும். கைத்தறிதான் வேணும்னா எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ்ல கனமான போர்வை ஒண்ணு வாங்கி வெட்டினாலும் ஆச்சு, அதுவும் காட்டன்தான், நனைக்கணும்.

பணம் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம். பன்னாவ உங்க டேப்பால நீங்களே அளங்க, 54ன்னு சொல்லி 48 இருந்த துணிய நான் பார்த்திருக்கேன். துணிய வெளிச்சத்துல பிடிச்சு நூல் ஓட்டை இருக்கான்னு பாருங்க, வெட்டின துணிய யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க. அப்புறம் பில், துண்டுச்சீட்டுல கிறுக்கிக் குடுத்தாலும் பரவால்ல, ஷேட் நம்பர் எழுதி வாங்குங்க. ஒரு பீஸ் தப்பா வெட்டிட்டா மறுபடி அரை மீட்டர் வாங்க அதுதான் உதவும்.

எந்தத் துணின்னு கேட்டா நான் பாலியஸ்டர் கலந்த காட்டன்தான் சொல்வேன், அடர் கலர்ல. சாம்பார் கண்டிப்பா சிந்தும். ரெக்சின் துடைச்சா போயிடும்னு ஆசை வரும், ஆனா சித்திரை வைகாசில நம்ம ஊர்ல அதுல உக்காந்து சாப்பிட்டுப் பாருங்க, எந்திரிக்கும்போது சத்தம் கேக்கும். ரெக்சின்ல இன்னொரு வம்பு, தப்பாத் தைச்சுப் பிரிச்சா ஊசி ஓட்டை அப்படியே நிக்கும், புதுசா பழகுறவங்களுக்கு அது ஆகாது. வெல்வெட் வேண்டவே வேண்டாம், வேர்வை.

4. ஃபோம்

மெத்தை, தலகாணி தைக்கிற கடைல ஸ்பாஞ்ச் ஷீட் கேளுங்க. ஷீட் வழக்கமா 72க்கு 36 இன்ச், அதுல நம்ம அளவுக்கு எட்டு பீஸ் வரும், ஆறு போக ரெண்டு ஸ்பேர். டென்சிட்டின்னு ஒண்ணு சொல்வாங்க, 23, 32, 40னு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கற கணக்கு அது. 23 கைல அமுக்க மெத்துன்னு இருக்கும், கடைல அதத்தான் மொதல்ல நீட்டுவாங்க, ஒன்றரை இன்ச் கனத்துல அதுல ஆள் உக்காந்தா மறுபடி கட்டைதான். உக்கார்றதுக்கு 40 எடுங்க, குறைஞ்சது 32.

40ன்னு சொல்லி 32 குடுத்தா கண்ணால கண்டுபிடிக்க முடியாது, ஆனா சமையலறைத் தராசு கண்டுபிடிக்கும். வெட்டின பீஸோட கன அளவ லிட்டர்ல எடுத்து டென்சிட்டியால பெருக்கினா கிராம் வந்துடும், அவ்ளோதான். ஃபோம பேப்பர விடச் சுத்தி கால் இன்ச் பெருசா வெட்டணும், அப்போதான் கவர் விறைப்பா நிக்கும். அதனால என் பீஸ் 17.5, 15.5, ஆழம் 16.5, கனம் 1.5. சராசரி அகலம் 16.5, அதை 16.5ஆல பெருக்கி 1.5ஆல பெருக்கினா 408 கன இன்ச். ஒரு கன இன்ச் 16.4 மில்லி, ஆக 6.7 லிட்டர். 40 டென்சிட்டின்னா 268 கிராம் வரணும், 32ன்னா 214. எனக்கு மொத தடவை வந்தது 210! கடைக்குத் திரும்பப் போனேன், பில்லுல டென்சிட்டி எழுதாததால ஒண்ணும் பேச முடியல. "40 டென்சிட்டி, ஒன்றரை இன்ச்"னு பில்லுல எழுதி வாங்கிட்டு வாங்க.

ஷீட்ட சுருட்டிக் கயிறு கட்டித் தருவாங்க, ஆட்டோல வந்துடும். பஸ்ல கொண்டு வரலாம்னு நான் நெனச்சேன், கண்டக்டர் பார்த்த பார்வைலயே எறங்கிட்டேன்.

5. சில்லறைச் சாமான்

ஏரியா டெய்லரிங் மெட்டீரியல் கடை போதும். நம்பர் 5 ரோல் ஜிப் 2.5 மீட்டர், ஜிப்ப இழுத்துத் திறக்கற ரன்னர் எட்டு (ஆறு போதும், ஆனா ரெண்டு தொலையும்), பாலியஸ்டர் நூல் ரெண்டு, 16 நம்பர் ஊசி ஒரு பாக்கெட், 18 நம்பர் ரெண்டு, காட்டன் நாடா எட்டு மீட்டர், மார்க்கிங் சாக். ஜிப் தைக்க ஒரு பக்கம் மட்டும் கால் இருக்கிற ஃபுட் (மிஷின்ல துணிய அமுக்கிப் பிடிக்கிற பாகம்) இருக்கான்னு பாருங்க, அது இல்லாம ஜிப் தைச்சா தையல் பாம்பு மாதிரி நெளியும். ஜாக்கெட் தைக்கிற மெல்லிசு ஊசிலயே ஓட்டிடலாம்னு போனதாலதான் என் நாலு ஊசியும் உடைஞ்சது.

6. வெட்டறது

எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டாதீங்க. மொத வரிசைல மூணு பீஸ், ஒரு நீளப் பட்டி, ரெண்டு ஜிப் பட்டி மட்டும் வெட்டி ஒரு குஷன முழுசாத் தைச்சு சேர்ல வெச்சுப் பாருங்க. அளவு சரின்னு தெரிஞ்சதும் மீதிய வெட்டலாம்.

ஃபோம கத்திரிக்கோலால வெட்டினா அமுங்கி ஓரம் சரிவாயிடும். பேப்பர் கட்டர்ல புது பிளேடு போட்டு முழு நீளத்துக்கும் வெளிய இழுத்து, அழுத்தாம ரெண்டு மூணு இழுப்புல வெட்டுங்க. கீழ பழைய அட்டைப்பெட்டி போட்டுக்கோங்க, தரைல வெச்சு வெட்டி மொசைக்ல கோடு போட்டுட்டு என்னைத் திட்டக்கூடாது.

மூலைய டம்ளர் வெச்சு ரவுண்டா வரைஞ்சா அழகா இருக்கும்னு நானும் பண்ணினேன். ஒரு இன்ச் ஆரத்துக்கு நாலு மூலையயும் வளைச்சா சுத்தளவு 64ல ஒண்ணேமுக்கால் இன்ச் கிட்ட குறைஞ்சிடுது, ஆனா பட்டி பழைய அளவுலயே இருந்துச்சு, மிச்சத் துணி பின்பக்கம் கொசுவம் மாதிரி நின்னுச்சு. ரவுண்ட் வேணும்னா தையல் கோட்டு மேல நூல் வெச்சு மறுபடி அளந்து பட்டிய வெட்டுங்க. இல்லன்னா நேர் மூலையே போதும்.

7. தைக்கிறது

மொதல்ல வேஸ்ட் துணில ஓட்டுங்க. ரொம்ப நாள் ஓட்டாத மிஷின்னா எண்ணெய் கசியும், அது வேஸ்ட் துணியோட போகட்டும். அடியில நூல் வளையம் வளையமா வந்தா மேல் நூல் சரியா கோக்கலைன்னு அர்த்தம், இல்ல டென்ஷன், அதாவது மேல் நூலோட இறுக்கம், லூஸ். நான் அரைமணி நேரம் அதத் திருகிட்டு இருந்தேன், அம்மா கிச்சன்ல இருந்தே "டேய், நூல டென்ஷன் தட்டுக்குள்ள விட்டியா, வெளியவே விட்டுட்டியா"ன்னாங்க. வெளியவேதான் விட்டிருந்தேன். தையல் நீளம் 3ல இருந்து 3.5 மில்லிமீட்டர் வெச்சுக்கோங்க, ஜாக்கெட்டுக்கு வைக்கிற பொடித் தையல் வேண்டாம்.

வரிசை இதுதான். ஜிப் பட்டி ரெண்டையும் நீளவாக்குல அரை இன்ச் மடிச்சு ஜிப்போட ரெண்டு பக்கமும் தைங்க, சேர்ந்தா ரெண்டரை இன்ச் அகலம் வரும். ரன்னர இப்பவே கோத்து ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க, ரெண்டு முனையிலயும் குறுக்க நாலு தையல் போட்டுடுங்க, இல்லன்னா ரன்னர் கழண்டு கைல வந்துடும். இதோட ரெண்டு முனையையும் நீளப் பட்டியோட ரெண்டு முனையில சேர்த்தா வளையம் ரெடி. வளையத்துல ஜிப்போட நடுவையும் அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் நடுவையும் சாக்ல குறிச்சு, மேல் பீஸோட பின்பக்க நடு, முன்பக்க நடுவோட சேர்த்துக் குண்டூசி குத்துங்க, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ள பார்த்த மாதிரி. பின்பக்க நடுவுல இருந்து ஆரம்பிங்க, மூலைல ஆரம்பிக்காதீங்க. மூலைக்கு வந்ததும் ஊசிய துணிக்குள்ளயே இறக்கி நிறுத்தி, பட்டில மட்டும் தையல் கோடு தொடாம ஒரு சின்ன வெட்டு குடுத்து, ஃபுட்ட தூக்கி துணியத் திருப்புங்க. நாலு மடிப்பு சேர்ற இடத்துல 18 நம்பர் ஊசி போட்டு, பெடல விட்டுட்டு சக்கரத்தக் கையாலயே சுத்துங்க.

அடுத்தது கீழ் பீஸ். நாடாவ 24 இன்ச் துண்டா 12 வெட்டி, நடுவுல மடிச்சு பின்பக்க ரெண்டு மூலைக்கும் பக்கத்துல உள்பக்கம் பார்த்த மாதிரி பின் பண்ணிக்கோங்க, தையல் மேலயே ரெண்டு தடவை போய் வாங்க, பசங்க இழுக்கற இழுப்புல மொதல்ல பிய்யறது அதுதான். உங்க சேருக்குப் பின்னாடி நாடா கட்டக் கம்பியே இல்ல, முழுப் பலகைன்னா நாடா வேண்டாம், டிராயர்ல விரிக்கிற வழுக்காத மேட்ட ஒரு துண்டு வெட்டி குஷனுக்கு அடில போடுங்க.

இப்போ நிறுத்திட்டு ஜிப்ப பாதி திறங்க. மறக்காதீங்க. மூடியிருக்கும்போது கீழ் பீஸத் தைச்சுட்டா பை முழுக்க உள்பக்கம் வெளிய இருக்கும், ரன்னர் உள்ள மாட்டிக்கும், திருப்ப வழியே கிடையாது. நான் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஓரத்தைப் பிரிச்சேன். திறந்துட்டு தைங்க, மூலைல எச்சத் துணிய சாய்வா நறுக்கிட்டுத் திருப்புங்க, கரண்டிக் காம்பால மூலையத் தள்ளி விடுங்க. கத்திரிக்கோல் முனையால தள்ளினா துணி கிழிஞ்சு அந்தப் பக்கம் வந்துடும். ஃபோம ரெண்டா மடிச்சு உள்ள விட்டு விரிச்சா பத்து நிமிஷத்துல உக்காந்துடும்.

8. செலவும் நேரமும்

ரெண்டாவது ரவுண்டு, ஒழுங்கா வந்த ரவுண்டோட கணக்கு: ஃபோம் ஷீட் 1150, துணி மூணு மீட்டர் 320 மேனிக்கு 960, ஜிப்பும் ரன்னரும் 90, நூல் 80, ஊசி 60, நாடா 64, ஆட்டோ 180. மொத்தம் 2584, சேருக்கு 430 ரூபா வாக்குல. மயில் துணி, மொத ஃபோம் இதுல சேரல, வீட்லயும் அந்தக் கணக்கை நான் சொல்லல.

நேரம்னு பார்த்தா பேப்பர் வெட்ட ஒரு மணி நேரம், கடைக்கு ஒரு அரைநாள், காட்டன்னா நனைச்சுக் காய ஒரு ராத்திரி, வெட்ட ரெண்டு மணி நேரம். மொத குஷனுக்கு மூணு மணி நேரம் ஆச்சு, ஆறாவது அம்பது நிமிஷம். ரெண்டு வீக்எண்ட் ஒதுக்குங்க. தீபாவளிக்கு விருந்தாளி வர்றாங்கன்னு முந்தின வாரம் ஆரம்பிக்காதீங்க, அந்த நேரம் பாரிமுனை பக்கம் கால் வைக்க எடம் இருக்காது, மழை வேற.

9. துவைக்கிறது

கவர மட்டும் கழட்டி உள்பக்கம் திருப்பி, ஜிப்ப மூடி வாஷிங் மெஷின்ல போடலாம். ஃபோம தண்ணில போடாதீங்க, உள்ள புகுந்த தண்ணி சீக்கிரத்துல வெளிய வராது, ஐப்பசி கார்த்திகைல போட்டீங்கன்னா காயறதுக்குள்ள நாத்தமே வந்துடும். ஏதாவது கொட்டிட்டா ஈரத்துணியால ஒத்தி எடுத்து ஃபேன் அடில நிறுத்தி வைங்க. வெயில்ல வெச்சா ஃபோம் மஞ்சளாகும், நாளாக ஆக பொடியும் கொட்டும், அதனால நிழல்தான். சாப்பாட்டு மஞ்சத்தூள் கறைக்கு மட்டும் கவர சோப்பு போட்டு அலசி ஒரு நாள் வெயில்ல போடுங்க, அந்தக் கறை வெளிச்சத்துல வெளுத்துடும், அடர் கலர் துணியும் கூடக் கொஞ்சம் வெளுக்கும்னு தெரிஞ்சு போடுங்க.

மீந்த ரெண்டு ஃபோம் பீஸத் தூக்கிப் போடாதீங்க. மீந்த துணில ரெண்டு கவர் வர்றதுக்கு இன்னும் ஒரு மீட்டர் சேர்த்து வாங்கியிருக்கலாம்னு இப்போ தோணுது, துவைக்கிற அன்னிக்கு யாராவது ரெண்டு பேரு மறுபடி கட்டைல உக்கார வேண்டியிருக்கு. ஒரு பீஸ் அம்மாவோட தையல் ஸ்டூல் மேல போயிடுச்சு, இன்னொண்ணு பரண்ல இருக்கு, ஆறுல எது மொதல்ல அமுங்குதோ அதுக்கு. அப்பா உக்கார்றதுதான்னு நெனைக்கிறேன்.